கைக் கியரும் தானே மாறும் கியரும்

நமது கலாசாலைப் பத்திரிகையின் தமிழ்ப் பகுதியில் இலக்கிய ஆராய்ச்சியும் யாத்திரை வரலாறும் ஆண்டுதோறும் இடம் பெறுதல் வழக்கம். அவற்றினிடையே பழைய சுமைவண்டி வாங்குவதைக் குறித்து ஒரு வியாசம் வருவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் நம் மாணாக்கருள் எத்துணைப் பேர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய ஊர்களினின்றும் வருகின்றனர் என்பதையும், அவர்தம் இல்லங்களிற் பல தோலாலும் தோலைச் சுமக்கும் வண்டியாலுமே உயிர் வாழ்கின்றன என்பதையும் எண்ணிப் பார்ப்போர் நகையார் என்றே நம்புகின்றோம்.

தோல் என்பது ஓரிடத்தில் நில்லாத பொருள். உப்பிட்ட பச்சைத்தோல் மண்டியிலிருந்து பதனிடுங் கூடத்திற்கு வரும். அங்கே ‘வெட் புளூ’ என்னும் நீலநிலையை அடைந்து வேறொரு கூடத்திற்குச் செல்லும். நிறமும் மெருகும் ஏறிய பின்னர் வெட்டுங் கூடத்திற்கும், அங்கிருந்து ஷூவின் மேற்பாகம் தைக்குஞ் சிறு கூடங்கட்கும், தைத்து முடிந்தவை மீண்டும் பெருந் தொழிற்சாலைக்கும் செல்லும். இப்பிரயாணங்களிற் பெரும்பாலன இருபது முப்பது கிலோமீட்டருக்கு உட்பட்டவை. பெரிய லாரி இவற்றிற்கு வேண்டுவதில்லை, புகவும் மாட்டாது. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் என்னும் சிறு வண்டி வெளிவந்து, ‘குட்டி யானை’ என்று நம் மக்களாற் பெயர் சூட்டப்பெற்ற நாள் தொட்டு, இச்சந்துகளெல்லாம் அதன் ஆட்சிக்கு உட்பட்டன. 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் இரண்டே சிலிண்டரும் 16 குதிரைத்திறனும் உடைய எஞ்சின் முக்கால் டன் சுமையை இழுப்பதைக் கண்டு முதலில் ஐயுற்றோர் பலர். பின்னர் 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலீரோ பிக்கப்போ கனத்த சுமைக்கு உரியதெனப் பெயர் பெற்றது.

நிற்க. சென்ற கோடை விடுமுறையின் தொடக்கத்தில் நம் பழைய மாணாக்கர் ஒருவர் நம்மைக் காண வந்தார். ஆம்பூரை அடுத்த சிற்றூரினர். தந்தையார் சுமைவண்டி ஓட்டித் தைப்புக் கூடங்களுக்குத் தோல் கொண்டுபோய்க் கொடுப்பவர்; வண்டி சொந்தம். மாணாக்கர் சிறிது நேரம் கலாசாலைச் செய்திகளையே பேசியிருந்து, பிறகு மெல்லத் தொடங்கினார்.

“ஐயா, அப்பாவுக்கு இடது முழங்கால் போய்விட்டது. கிளட்ச் மிதிப்பதைக் குறைத்தால்தான் இன்னும் சில வருஷம் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்று கைமாற்றுக்கு வந்திருப்பதாகப் புரோக்கர் சொல்கிறார். அதில் கிளட்சே இல்லையாம். அம்மா நகையை வைக்கலாம் என்கிறாள். தாங்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.”

நாம் மோட்டார் நிபுணரல்லோம், பௌதிகம் கற்பித்தவரேயாவோம். எனினும் ஒரு குடும்பத்தின் நகை முழுதும் ஒரு கியர்ப் பெட்டியின்மேல் வைக்கப்படவிருந்தமையின், மறுக்க மனம் வரவில்லை. பழக்கமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு சென்றோம். அங்ஙனஞ் சென்று கண்டவற்றையும், அதன் பொருட்டுப் படித்தறிந்தவற்றையும் ஈண்டுக் கூறுகின்றோம்.

முதற்கண் கியர் எதற்கு என்பதை விளக்குவாம். தோல் பதனிடுங் கூடத்திற் சுழலும் பெரிய மர டிரம்மை நம்மவருட் காணாதார் இலர். அதனைச் சுழற்றும் மின்மோட்டார் நிமிஷத்திற்கு 1,440 சுற்றளவிற் சுழல, டிரம்மோ 10 சுற்றளவில் அசைந்தாடிச் சுழலுகின்றது. இடையே பெல்ட்டும், சிறு பற்சக்கரமும், டிரம்மின் இடையைச் சூழ்ந்த பெரும் பல்வளையமும் நின்று, வேகத்தைக் குறைத்து வலுவைப் பெருக்குகின்றன. வேகத்தை விற்று வலுவை வாங்குதல் என்று இதனைச் சொல்லலாம். டிரம்முக்கு என்றும் ஒரே வேலையாதலின் ஒரே விகிதம் போதும். வண்டிக்கோ அவ்வாறன்று. நின்ற நிலையிலிருந்து முக்கால் டன்னை அசைப்பதற்கு ஒரு விகிதமும், பள்ளிகொண்டாவைத் தாண்டிச் சமநிலத்தில் விரைவதற்கு வேறு விகிதமும் வேண்டும். டீசல் எஞ்சின் மிகக் குறைந்த சுற்றில் அணைந்துபோம். மிகுந்த சுற்றிற் களைத்துப்போம். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு சிறு எல்லைக்குள் அதனை எப்பொழுதும் நிறுத்தி வைப்பதே கியர்ப் பெட்டியின் தொழில்.

இனி, ஒரு விகிதத்தை விட்டு மற்றொன்றைப் பற்றும்பொழுது எஞ்சினைச் சக்கரங்களினின்றும் ஒரு கணம் பிரித்து வைத்தல் வேண்டும். அதற்கென அமைந்ததே கிளட்ச். எஞ்சினோடு சுழலும் பளுச்சக்கரத்தின்மேல் உராய்வுத் தகடு ஒன்றை வலிய வில் ஒன்று அழுத்திக் கொண்டிருக்கின்றது. இடக்காலால் மிதிக்கும்பொழுது அவ்வில் விலகித் தகடு விடுபடுகின்றது. ஆகவே ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் காலால் வெல்லுவது ஒரு வில்லின் வலிமையையே. ஆம்பூர்க் கடைத்தெருவிலோ, வேலூர்க் காட்பாடிச் சாலையிலோ நெரிசலான வேளையில் வண்டியோட்டுவார் ஒரு நாளில் எத்தனை நூறு முறை அவ்வில்லோடு போர் புரிகின்றார் என்பதை எண்ணினால், முழங்கால் தேய்வதில் வியப்பொன்றுமில்லை.

இவ்வேற்பாடு பழமையானது. பிரான்சு தேசத்துப் பனார்–லெவாசோர் வண்டிகளில் 1890-க்குப் பிந்திய ஆண்டுகளிலேயே வழுக்கிப் பொருந்தும் பற்சக்கரங்கள் அமைந்திருந்தன. அக்காலத்தில் கியர் மாற்றுதல் ஒரு வித்தை. சிறிது தவறினும் பற்கள் அரைபட்டு ஊரே திரும்பிப் பார்க்கும். 1928-இல் அமெரிக்கக் காடிலாக் வண்டியில், இணையவிருக்கும் சக்கரங்களை முன்னரே ஒரே வேகத்திற்குக் கொணர்ந்து பொருத்தும் ‘சிங்க்ரோமெஷ்’ என்னும் அமைப்பு வந்த பின்னரே அத்தொல்லை தீர்ந்தது.

தானே மாறும் கியரின் வரலாறு கப்பலிலிருந்து தொடங்குகின்றது. கப்பல் யந்திரத்தின் அளவிறந்த வேகத்தைக் குறைத்து நீர்ச்சுழலிக்கு அளிக்க வழி தேடிய ஜெர்மானிய எஞ்சினீயர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்பார், 1905-இல் திரவத்தின் வழியே சுழற்சியை மாற்றும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதன் தத்துவம் மிக எளிது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டுக. அதன் காற்றே மற்றதையும் மெல்லச் சுழற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும், திறந்த வெளிக்குப் பதிலாக மூடிய பாத்திரத்தையும் கற்பனை செய்துகொண்டால் அதுவே திரவ இணைப்பு. இவ்விரண்டினிடையே, திரும்பி வரும் எண்ணெயை நெறிப்படுத்தும் மூன்றாவது சக்கரம் ஒன்றையும் வைத்தால் வலுவும் பெருகும்; அதனையே ‘டார்க் கன்வர்ட்டர்’ என்கின்றனர். ஆங்கே கிளட்ச் மிதி வேண்டுவதில்லை. வண்டி நிற்கும்பொழுது எஞ்சின் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே யிருக்கும். முடுக்கினால் எண்ணெய் சக்கரத்தைத் தள்ளும்.

1939-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஹைட்ரா-மாட்டிக் என்னும் முழுத் தானியங்கிக் கியரை ஓல்ட்ஸ்மொபீல் வண்டியில் வைத்து விற்கத் தொடங்கினர். இரண்டாம் உலக யுத்தத்தில் அதுவே அமெரிக்கச் சிறு டாங்கிகளிலும் இடம்பெற்றது. 1954 முதல் செவர்லே பிக்கப்பிலும் வேண்டுவோர்க்கு அது கிடைத்தது. இன்று அந்நாட்டிற் பிக்கப் என்றாலே தானியங்கி என்னும் அளவிற்கு வழக்கம் மாறிவிட்டது. அங்கே கைக் கியர் ஓட்டத் தெரிந்த இளைஞரைத் தேடிப் பிடித்தல் வேண்டும் என்பர்.

நம் நாட்டில் நிலைமை நேர்மாறு. பழைய சந்தையில் நாம் காணும் குட்டி யானையும் தோஸ்தும் பொலீரோ பிக்கப்பும் ஏறத்தாழ யாவும் கைக் கியரே. தானியங்கி வேண்டுமெனில் இசுஸூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என்னும் இரண்டையே பெரும்பாலும் சுட்டிக் காட்டுவர். முன்னது நமக்கு அண்மையில் ஆந்திர தேசத்து ஸ்ரீசிட்டியிற் கட்டப்படுவது. ஆறு விகிதத் தானியங்கி அதில் 2019-இல் வந்தது. பின்னது 2022-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. தானியங்கி என்றால் வலிமை குன்றியது என்பார்க்கு ஹைலக்ஸே மறுமொழி கூறும். அதன் கைக் கியர் வண்டிக்கு 420 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையே அளித்த கம்பெனியார், தானியங்கி வண்டிக்கு 500 அளித்துள்ளனர். எண்ணெய்ச் செலவும் முற்காலத்தைப் போல் மிகுதியன்று. ஓட்டம் சீர்ப்பட்டதும் இரு சக்கரங்களையும் இறுகப் பூட்டிவிடும் சிறு கிளட்ச் ஒன்று இக்காலத்துத் திரவ இணைப்புக்களினுள்ளேயே உண்டு.

இவற்றிற்கு இடைப்பட்ட ஒரு வகையும் உண்டு. 2014-இல் மாருதி செலேரியோ வந்தது முதல் நம் நாட்டிற் பரவிய ‘ஏ.எம்.டி.’ என்பது உண்மையிற் கைக் கியரேயாம். அதே உராய்வுத் தகடு, அதே பற்சக்கரங்கள். காலும் கையும் செய்த வேலையை மட்டும் ஒரு சிறு யந்திரக்கை செய்கின்றது. பெரிய லாரிகளிலும் கார்களிலும் காணப்படும் இதனை, நம் பக்கத்துப் பழைய சிறு சுமைவண்டிகளுள் நாம் கண்டிலோம். ‘கிளட்ச் இல்லை’ என்று கூறி விற்போர், ‘கிளட்ச் மிதி இல்லை’ என்று கூறுதலே நேர்மை. ஏனெனில் ஏ.எம்.டி.யில் தகடு தேய்ந்தே தீரும். மாற்றுஞ் செலவும் வந்தே தீரும்.

இனி, புரோக்கர் காட்டிய வண்டிக்கு வருவாம். அதன் பெயர் ஈண்டு வேண்டா. இரட்டை அறையும் பளபளப்பும் உடையது. நின்றிருந்த தோற்றம் கண்ணைக் கவர்வதே. நாம் முதலிற் கண்டது எஞ்சினை அன்று, எண் பலகையை. அது வெள்ளைப் பலகை. சொந்த உபயோகத்திற்கெனப் பதிவாகிய வண்டியில் பிறர் சாமானைக் கூலிக்கு ஏற்றுதல் சட்டத்திற்குப் பொருந்தாது. கூலிக்கு ஓடுவது மஞ்சட் பலகை வண்டியாகவே இருத்தல் வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டுவதில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு விலக்களிக்கின்றது என்பது உண்மையே. ஆனால் அவ்விலக்கு பர்மிட்டுக்கே யன்றிப் பதிவுக்கன்று. இதனைப் புரோக்கரிடம் கூறியபொழுது, “யார் சார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனியார் கையை விரிக்கும் நாளில் எல்லாரும் பார்ப்பர் என்பதை அவர் அறியாதவரல்லர்.

அடுத்து வண்டியையே சோதித்தோம். தானியங்கியைச் சோதிக்கப் போவார் முன்னரே சொல்லி வைத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது செல்லுதல் நலம். சூடேற்றி வைத்த வண்டி தன் நோயை மறைத்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டு நடுநிலையிலிருந்து முன்னோக்கியும், பின்னர்ப் பின்னோக்கியும் நெம்பை மாற்றுக. உடனே ஒரு மெல்லிய இழுப்புத் தோன்ற வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணும் அளவுக்குத் தாமதித்துப் பின்னர் ‘தடக்’ என்று பற்றினால், உள்ளே எண்ணெய் அழுத்தம் குறைந்தது அல்லது தகடுகள் தேய்ந்தன என்று கொள்க. நாம் கண்ட வண்டி பின்னோக்கிப் பற்றுவதற்கு இரண்டுக்கு மேலும் எண்ண வேண்டியதாயிற்று. மெக்கானிக் கியர் எண்ணெயைச் சிறிது எடுத்து வெள்ளைத் துணியில் ஒற்றிக் காட்டினார். புதிய எண்ணெய் பெரும்பாலும் செந்நிறமாய்த் தெளிந்திருக்கும். இதுவோ காப்பிக் கஷாயம் போற் கறுத்து, தீய்ந்த நாற்றம் வீசிற்று. “எண்ணெயை மாற்றித் தருகிறேன்” என்றார் புரோக்கர். எண்ணெய் கறுத்தது நோயின் குறியேயன்றி நோயன்று. குறியை மாற்றினால் வாங்குபவர்க்குத்தான் மயக்கம்.

தானியங்கிக்குப் பெரும் பகை வெப்பம். எண்ணெயைக் கலக்கியே வலுவை மாற்றுவதால் அதன் உடம்பில் எப்பொழுதும் சூடு பிறக்கின்றது. சுமையோடு மெல்ல ஏறும்பொழுது அது மிகும். வேலூர்க் கோடையோ 40 பாகையைத் தாண்டுவதை ஒரு செய்தியாகவே நம்மவர் கொள்ளார். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா செல்லும் மலைப்பாதையிலோ, 14 கொண்டை ஊசி வளைவுகளையுடைய ஏலகிரிப் பாதையிலோ சுமையோடு நண்பகலில் ஏறும் பழைய தானியங்கி வண்டியின் எண்ணெய் படும் பாட்டை எண்ணுக. எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு ரேடியேட்டர் தூசியால் அடைபட்டிருந்தால் சொல்ல வேண்டுவதேயில்லை. வாழ்நாள் முழுதும் எண்ணெய் மாற்ற வேண்டா என்று விற்போர் கூறுவது குளிர்நாட்டு நெடுஞ்சாலைக்குப் பொருந்தலாம். நம் பக்கத்துச் சுமைவண்டிக்குப் பொருந்தாது.

இறக்கத்தில் ஒரு சொல். ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அந்தக் கியரே என்பது பழைய டிரைவர்களின் விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக் சூடேறாது. கைக் கியரில் இது எளிது. தானியங்கியிலும் தாழ்ந்த விகிதத்தை நாமே தேர்ந்து பூட்டி வைக்கலாம். ஆயினும் அவ்வசதியை உபயோகிப்பார் சிலரே. டீசலை மிச்சம் பிடிப்பதாகக் கருதிக்கொண்டு நடுநிலையில் வண்டியை உருளவிடும் தீய வழக்கம் இரு சாராரிடத்தும் உண்டு. அதனால் மிச்சமாவது சில ரூபாய். போவது பிரேக்கும், சிலபோது உயிரும்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. பாட்டரி தளர்ந்த காலையில் கைக் கியர் வண்டியை நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். டார்க் கன்வர்ட்டர் வண்டியை நாற்பது பேர் தள்ளினும் கிளம்பாது. வழியிற் பழுதுற்றால், சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுத்துப் போதலும் தானியங்கிக்கு ஆகாது. உள்ளே எண்ணெய் ஓடாமையால் பற்சக்கரங்கள் வறண்டு தேயும். அன்றியும், கிளட்ச் தகடு மாற்றத் தெரிந்த கை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தெருவுக்கு ஒன்று உண்டு. தானியங்கிப் பெட்டியைத் திறந்து மூடத் தெரிந்த கையைத் தேடிப் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். வண்டி நின்ற நாட்களில் கூலியும் நின்றுபோம் என்பதைக் கணக்கிற் சேர்த்துக்கொள்ளாதார் பலர்.

புரோக்கர் வண்டியின் விலையோ அக்குடும்பத்தின் கையிருப்பைப் போற் பன்மடங்கு. நகை போக, மீதிக்குக் கடனும் வேண்டியதாயிருந்தது. இத்தனையும் கேட்டுக்கொண்டு திண்ணையிலே அமர்ந்திருந்த தந்தையார் அதுவரை ஒரு வார்த்தையும் பேசினாரல்லர். “அப்ப என் காலுக்கு என்ன வழி, சார்?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு நம்மிடம் உடனே விடையில்லை.

விடை தேடி அவருடைய பழைய வண்டியிலேயே ஏறி அமர்ந்து, கிளட்சை நம் காலால் மிதித்துப் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் நம் தொடை நடுங்கிற்று. மெக்கானிக் சிரித்துக்கொண்டே காரணத்தை விளக்கினார். இக்காலத்துக் கிளட்சுகளில் உள்ள வில், தட்டுப் போன்ற விரல் வில். தகடு தேயத் தேய அவ்வில் இருக்கும் நிலை மாறுகின்றது. மாறவே மிதி மெலிவதற்குப் பதிலாகக் கனத்துக்கொண்டே போகின்றது. அதனோடு கம்பியும் வறண்டு நூல் பிரிந்திருந்தால் கனம் இரட்டிக்கும். இம்மாற்றம் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நேர்வதால் ஓட்டுபவர்க்கே தெரிவதில்லை. தந்தையார் தகட்டை மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மிச்சம் பிடித்ததாக அவர் நினைத்திருந்த பணத்தை அவர் முழங்கால் கொடுத்து வந்திருக்கின்றது. இதனை அவரிடம் எவ்வாறு சொல்வது என்று நாம் தயங்கினோம், மெக்கானிக்கே சொல்லிவிட்டார்.

ஆகவே கைக் கியர் வண்டியே, ஆனால் இலகுவான மிதியுடையது, என்று முடிவாயிற்று. கம்பிக்குப் பதிலாக எண்ணெய்க் குழாயால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உடைய வண்டிகளில் மிதி மென்மையாக இருக்கும். புதிய தகடும் வில்லும் இட்டால் இன்னும் மென்மையாகும். அத்தகைய ஒன்றைத் தேடப் புகுந்தோம்.

முதலிற் கண்டது ஐந்தாண்டு ஓடிய வண்டி. எஞ்சின் நன்று, கியர் நன்று. ஆயினும் சுமைத்தட்டில் விரித்திருந்த ரப்பர் பாயை மெக்கானிக் தூக்கிப் பார்த்ததும் முகம் சுளித்தார். அடியில் இரும்பு செதில் செதிலாய் உரிந்து வந்தது. அவ்வண்டி உப்பிட்ட பச்சைத்தோல் சுமந்தது. தோலிலிருந்து வடியும் உப்புநீர் சுமைத்தட்டின் மூட்டுக்களிலும், சேஸிஸ் சட்டத்தின் உட்புறத்திலும், பிரேக் குழாய்களிலும் தங்கி அரிப்பதைக் கடற்கரை வண்டிகளில் மட்டுமே உண்டென்று பலர் கருதுகின்றனர். நம் பக்கத்தில் அது கடலின்றியே நிகழ்கின்றது. பதனிடுங் கூடங்களிற் சில வேளை எழும் அழுகிய முட்டை நாற்றமுடைய ஆவியும் செம்புக் கம்பியைக் கறுக்கச் செய்வது. இரசாயன மாணாக்கர் இதனை நன்கறிவர். தானியங்கிக்கு அறிவிப்புக் கம்பிகளும் மின் இணைப்புக்களும் மிகுதியாதலின், உப்பும் ஆவியும் அதனை எளிதில் நோய்ப்படுத்தும். நம் பக்கத்திற் பழைய வண்டி வாங்குவார் ‘எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று’ என்று கேட்பதற்கு முன் ‘என்ன சுமந்தது’ என்று கேட்பாராக.

மூன்றாம் நாள், தைத்து முடிந்த மேற்பாகங்களை மட்டுமே சுமந்த வண்டி ஒன்று கிடைத்தது. தளம் உலர்ந்திருந்தது. சோதனைகளை வரிசையாகச் செய்தோம். கைப் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் இட்டு, கிளட்சை மெல்ல விட்டோம். எஞ்சின் உடனே அணைந்தது. அணையாமல் உறுமிக்கொண்டு நின்றிருந்தால் தகடு வழுக்குகின்றது என்பது பொருள். மிதியை அழுத்தும்பொழுது மட்டும் எழும் கீச்சொலி ரிலீஸ் பேரிங்கின் முறையீடு. மிதியை விட்டபொழுது கேட்டு, அழுத்தினால் மறையும் முழக்கம் கியர்ப் பெட்டியினுள்ளிருக்கும் பேரிங்கின் முறையீடு. இவ்வண்டியில் முன்னது சிறிதளவு கேட்டது. மூன்றிலிருந்து இரண்டிற்கு விரைந்து இறக்கியபொழுது பற்கள் அரைபடவில்லை. இறக்கத்தில் முடுக்கியை விட்டபொழுது நெம்பு தானே நழுவி நடுநிலைக்கு வரவுமில்லை. பின்னோக்கும் கியரைச் சுமையில்லாமற் சோதித்து ஏமாறுவோர் உளர்; நாம் பத்து மூட்டைகளை ஏற்றி மேட்டில் பின்னோக்கி ஏறச் செய்தோம்.

தாள்களையும் பார்த்தோம். எட்டாண்டு நிரம்பாத சரக்கு வண்டிக்கு இரண்டாண்டிற்கு ஒரு முறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் எஃப்.சி. வாங்குதல் வேண்டுமாதலின், அடுத்த எஃப்.சி. எப்பொழுது என்பது விலை பேசுமிடத்திற் பெருங் கருவி. பாங்கிக் கடன் தீர்ந்ததற்கு 35-ஆம் படிவமும், பெயர் மாற்றத்திற்கு 29, 30-ஆம் படிவங்களும் கையெழுத்தாகிக் கிடைத்த பின்னரே முழுப்பணமும் கைமாறிற்று. மகனும் அவசரத்திற்கு ஓட்டலாமா என்ற வினா எழுந்தது. இலகு ரக வண்டி லைசென்ஸ் உடையார் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அடங்கிய அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்திருப்பதால் அதற்குத் தடையில்லை.

மின்சார வண்டியைப் பற்றிக் கேட்பார் பலராதலின் அதனையும் சொல்லி விடுகின்றோம். மின்மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு வலுவும் உண்டு; ஆதலின் அதற்குப் பல விகிதமும் வேண்டா, கிளட்சும் வேண்டா. 2022-இல் அறிமுகமான மின்சாரக் குட்டி யானை 600 கிலோ சுமப்பது. ஒரு முறை மின்னேற்றினால் 154 கிலோமீட்டர் ஓடும் என்று சோதனைச் சாலையிற் சான்றளிக்கப்பட்டது. சுமையும் வெயிலும் மேடும் சேர்ந்தால் அத்தூரம் குறையும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே உள்ள சிறு தூரத்தை நாளொன்றுக்குச் சில முறை சென்று வருவார்க்கு, முழங்கால் நோயுடையார்க்கு விசேஷமாக, இதுவே உண்மையான தானியங்கி என்பது நம் அபிப்பிராயம். பழையது வாங்குவார் பாட்டரிக்குக் கம்பெனியார் அளித்த உத்தரவாதம் தம் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்து மூலம் பெறுக. மாணாக்கரின் தந்தையார் மட்டும், “கரண்ட் போனால் என்ன செய்வது?” என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

புதிய தகடு, வில், ரிலீஸ் பேரிங் மூன்றையும் வாங்கிய வாரமே மாற்றுவித்தனர். நகையிற் பாதி அடகுக்குப் போகாமல் மிஞ்சிற்று. மூன்று திங்கள் கழித்து மாணாக்கர் மீண்டும் வந்தார். நெடுஞ்சாலையில் தந்தையார்க்குத் துன்பமில்லை என்றும், ஊருக்குள்ளே சுற்றும் வேலையில் மாலைவேளையிற் கால் வீங்குவது நிற்கவில்லை என்றும் கூறினார். ஆதலின் வேலூர் நகரத்து நடைகளை வேறொருவர்க்கு விட்டுக் கொடுத்துவிட்டனராம். அதனால் மாதவரும்படியில் ஒரு பங்கு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாணாக்கரே ஓட்டுகின்றார். “நான் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் அப்பா வீட்டுக்குள்ளிருந்தே திட்டுகிறார், ஐயா” என்றார்.